ஊர் கூப்பிடுது

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணன் மண்டையை உடைத்தது ஊர்த் தலைவர் வீட்டுப் பிரபு. ஏரியில் அப்போது எத்தனையோ படகு இருந்தது. ஒரு படகிலும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையாம்.

காலையிலிருந்து மேகம். மழை இல்லை, வாடைக்காற்று மட்டும்.

நடந்தது நடந்தபடி எழுதிவைக்கிறேன். ரெண்டு நாள் போனால் ஆளாளுக்கு மாற்றிச் சொல்வார்கள், எனக்கே குழம்பிவிடும். விடிந்ததும் அண்ணன் வலை கட்டப் போனது. அந்த இடத்தில் ஏற்கெனவே பிரபு வலை நின்றது. இன்னிக்கு எங்க முறையாச்சே என்று அண்ணன் கேட்டது. படகு தள்ளும் கழியால் ஒரே அடி. காதுக்கு மேலே கிழிந்து, கழுத்தெல்லாம் ரத்தம். எங்கள் வலையையும் அறுத்துவிட்டான்.

நான் பொன்னேரியில், காலேஜ் வாசலில். அண்ணன் போனில் அழுதது. அது அழுது நான் கேட்டதில்லை. 100-க்கு அடித்தேன். பிறகு ஆஸ்பத்திரி, தையல். பிறகு நேராக ஸ்டேஷன்.

அங்கே எழுதுகிற ஏட்டு: "பாடுனு சொல்றியே, அது இன்னாமா?"

"ஏரியில இறால் விழுற இடம் கொஞ்சம்தான் சார். ஆளு ஜாஸ்தி. எந்த வீடு எந்த நாள் எந்த இடத்துல வலை கட்டலாம்னு குலுக்கிப் போட்டு முறை வைப்பாங்க. அதான் பாடு."

"யாரு குலுக்கறது? கவர்மெண்டா?"

"இல்ல சார். ஊர்."

"ஊர்னா, பஞ்சாயத்து போர்டா?"

"இல்ல சார். ஊர்."

ஏட்டு 'மீன் பிடிப்பதில் தகராறு' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காயத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதல் வார்த்தை: "ஊருக்குச் சொல்லாம ஸ்டேஷனுக்கு ஏன்டி போனே?" நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கே அடித்தவன் செய்தது தகராறு. ஸ்டேஷனுக்குப் போனவள் செய்ததுதான் குற்றம். தெரியாமல் போகவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

வாங்க: பஞ்சு, மாத்திரை, அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

வெள்ளிக்கிழமை என் செமினார் வேறு. எனக்குத் தலைப்பாக வந்திருப்பவர் நானூறு வருடத்துக்கு முந்தின இங்கிலாந்துக்காரர். அரசாங்கம் என்று ஒன்று எதற்கு என்று எழுதினவர். படத்தில் நரைத்த குட்டித் தாடி, கடுகடு முகம். பேர் வாயில் நிற்கவில்லை என்று என்னோடு படிக்கிற ஷபானா அவருக்குக் கிழவர் என்று பேர் வைத்துவிட்டாள். எனக்கும் கிழவர்தான்.

அவர் பிறந்த கதை: எதிரி நாட்டுக் கப்பல்கள் வருகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பயத்திலேயே அவர் அம்மாவுக்கு மாசம் நிறையாமல் வலி வந்துவிட்டது. தன் பயமெல்லாம் அங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்வாராம். இந்த ஒரு இடம்தான் இன்றைக்குப் புரிந்தது.

நவம்பர் 5, புதன்

தூறல். காலேஜ் போகவில்லை.

போலீஸ் வந்தது. ஒரு பைக், ரெண்டு பேர். எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று அம்மா பெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாள். பைக் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனது. நான் குழாயடியில் குடத்தோடு நின்று பார்த்தேன். டீ போனது. வறுத்த இறால் போனது. வாசனை குழாய் வரைக்கும் வந்தது.

போகும்போது நைனாவிடம் நின்றார்கள். "பெரியவரே, ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கங்க. கேஸு கோர்ட்டுனா நீங்கதான் பொன்னேரிக்கு அலையணும். வயசாச்சு இல்ல."

நைனா கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

ஸ்டேஷன் எங்களை ஊர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. ஊரைத் தாண்டிப் போனவர்கள் என்ற பேரும் சேர்த்து. நேற்று வரைக்கும் எங்களுக்கு ஊர் இருந்தது. நேற்று மத்தியானம் அரசாங்கம் இருப்பது போலவும் இருந்தது. இப்போது ரெண்டும் இல்லை. 

கிழவர் சொல்வது: மேலே ஒரு அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருத்தனும் ஒவ்வொருத்தனுக்கும் பயப்படுவான். எல்லாரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை. யார் முதலில் அடிப்பான் என்று யாருக்கும் தெரியாததால். சந்தேகமா, நீ ஏன் உன் கதவைப் பூட்டுகிறாய் என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி அப்போது என்ன நினைக்கிறாய் என்கிறார்.

எங்கள் கதவுக்குப் பூட்டே கிடையாது. சாயங்காலம் அம்மா பழவேற்காடு போய் ஒன்று வாங்கிவந்தாள். கதவில் அதை மாட்டக் கொண்டி இல்லை. பூட்டு அலமாரியில் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

வெயில் கொஞ்சம். காலேஜ் போனேன்.

மேடம் திரையில் ஒரு பழைய படம் காட்டினார். கிழவரின் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்ததாம். மலைக்குப் பின்னால் ஒரு ராட்சச ராஜா. கையில் வாள். கிட்டப் போய்ப் பார்த்தால் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி மனிதர்கள். அவர்கள் சேர்ந்துதான் அந்த உடம்பு. எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி அவன் முகத்தையே பார்க்கிறார்கள்.

ஷபானா: "இன்னாடி இது, கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின் மாதிரி நெருக்கினு கீறாங்க."

மேடம் விளக்கினார். எல்லாரும் தங்கள் பலத்தை ஒருத்தனிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. அவனோடு இல்லை. அவன் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவன் வாக்கை மீறினான் என்று யாரும் சொல்ல முடியாது.

கேட்டேன். "அவன் வீட்டு ஆளே அடிச்சா, மேடம்?"

"அது எக்ஸாமுக்கு வராதும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். மணி அடித்த பிறகு அவரே கூப்பிட்டார். அண்ணன் விஷயம் ஷபானா சொல்லியிருப்பாள். "ஒரு இடம் இருக்கு, படி. காப்பாத்தற வரைக்கும்தான் கீழ்ப்படியணும்னு எழுதறார். தூக்குத் தண்டனை கிடைச்சவன்கூடத் தப்பிச்சு ஓடினா அது தப்பில்லைங்கறார். பயந்தவரு இல்லியா, உயிரைக் காப்பாத்திக்கற உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியல." பிறகு: "ஜாக்கிரதையா இரு."



திருப்பாலைவனம் வழி பஸ். ஜன்னலில் வயல், தண்ணீர், வயல். பழவேற்காடு ஸ்டாண்டில் இறங்கினால் டீக்கடை வாசலில் பிரபு. நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான்.

"படிப்பெல்லாம் எப்டி போது?"

"போது."

"இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடு. காலம் கெட்டுக் கெடக்குது."

மரியாதையாகத்தான் சொன்னான். மிச்ச பிஸ்கட்டையும் உடைத்து நாய்க்குப் போட்டான். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வீடு வரைக்கும் முதுகு எரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பயம் என்று தெரிந்துவிடும்.

இனிமேல் இதில் அவன் பேரைப் பி. என்றே எழுதுவேன்.

நவம்பர் 7, வெள்ளி

கனமழை. லீவு விட்டுவிட்டார்கள். செமினார் தள்ளிப்போனது. நான் மட்டும்தான் சந்தோஷப்படவில்லை. போயிருந்தால் ஒரு நாள் இங்கிருந்து வெளியே இருந்திருப்பேன்.

காலையில் கரையில் எங்கள் படகு இல்லை. கயிறு அறுந்ததா அறுத்ததா என்று நைனா முனையைத் தடவிப் பார்த்தார். மடியில் செருகிக்கொண்டார். அறுத்ததுதான். எதிர்க்கரைச் சேற்றில் சாய்ந்து நின்றது படகு. கரையில் ஆள் இருந்தார்கள். எல்லாருக்கும் திடீரென்று வலை சிக்கெடுக்கிற வேலை. அண்ணன் கட்டுப் போட்ட தலையோடு இடுப்பளவு தண்ணீரில் போய்த் தள்ளிக்கொண்டு வந்தது.

கட்டு மாற்றினேன். அப்போது பேசியது:

"ஏ காலேஜு. நூறுக்கு அடிச்சியே, எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"ஏரிக்கு நடுவுல வருவாங்களா?"

நான் பிளாஸ்திரியை வெட்டினேன்.

"அவங்களுக்கு நீச்சல் தெரியாது. நமக்கு வேற ஆளு இல்ல. சரி, மெதுவா ஒட்டு, வலிக்குது."

திங்கட்கிழமை மறுபடி எங்கள் பாடு. போகாதே என்றேன்.

"போவலனா இன்னா ஆவும் தெரியுமா. அவனே வலை கட்ட வரல, அவனுக்குப் பாடு எதுக்குனு சொல்வாங்க. அடுத்த தபா குலுக்கறப்ப நம்ப பேரு உள்ளயே போவாது."

"போனா?"

"போனா, அவன் வருவான்." காதுக்கு மேலே தடவிக்கொண்டே, "பயமாத்தான் கீது," என்றது. இதைச் சொல்ல அதற்கு வெட்கம் இல்லை. 

பகல் முழுக்கப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல். கிழவர் கடலோரக் குப்பம் எதையும் கண்டிருக்க மாட்டார். காலமெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார். பெரிய வீட்டுச் சோறு, பெரிய வீட்டுப் புத்தக அறை. அவர் அப்பா ஒரு சர்ச்சில் பாதிரியார். சர்ச் வாசலிலேயே ஒருத்தனை அடித்துவிட்டு ஊரை விட்டு ஓடினவர், குடும்பத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சித்தப்பாவோ பெரியப்பாவோ படிக்க வைத்தார். அடிக்கிறவனையும் ஓடுகிறவனையும் ஒரே ஆளில் பார்த்திருக்கிறார் மனுஷன்.

ஆனால் பாடு அவர் சொன்ன மாதிரிதான் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடி, கழியால் அடித்துக்கொண்டு செத்திருக்கிறார்கள். நைனாவின் தாத்தா காலத்துச் சண்டைகளை இன்றைக்கும் சொல்வார்கள். போதும் என்று உட்கார்ந்து பேசி, இனி குலுக்கல்தான், குலுக்கலுக்கு ஊர் காவல் என்று முடிவு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. பொய் சொல்ல மாட்டேன், நல்ல ஏற்பாடு.

யார் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் கேள்வி. கழிமுகத்துப் பக்கம் கையால் சேற்றைத் தடவி இறால் எடுப்பவர்களுக்குப் பாடு கிடையாது. அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பொம்பளைக்குக் கிடையாது. நைனாவின் தம்பி செத்ததும் சித்தியின் பாடு போனது, பிள்ளைகள் ரெண்டும் பெண்கள் என்பதால். குலுக்கலில் விழுந்தவனுக்கு அது நியாயம். குலுக்கலில் பேரே இல்லாதவனுக்கு அது வெறும் சத்தம்.

அதோடு, காவல்காரன் வீட்டில் ஒருத்தன் குலுக்கலை மீறினால்? அந்தப் பக்கத்தில் கிழவர் மூச்சு விடவில்லை.

அம்மாவிடம் சும்மா கேட்டேன், காசிமேட்டில் மாமா வீட்டுக்குப் போய்விடலாமா என்று. கிழவரும் ஓடியிருக்கிறார். நாட்டில் ராஜாவுக்கும் சபைக்கும் சண்டை மூளும் என்று தெரிந்ததுமே பாரிஸுக்குப் போய்விட்டார். எல்லாருக்கும் முன்னால் ஓடியது நான்தான் என்று பிறகு மறைக்காமல் சொல்லிக்கொண்டார்.

அம்மா: "போயி? ஏரிய மடிச்சு எடுத்துனு போவியா?"

நவம்பர் 8, சனி

மழை விட்டது. எங்கும் சேறு.

கோவிந்தன் சித்தப்பா வந்தார். கூட்டம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்கிற வேலை அவருக்கு. மற்ற நாளில் நேராக அடுப்படிக்கு வந்து குழம்பு என்ன என்று திறந்து பார்க்கிறவர். இன்றைக்கு வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஊர் கூப்பிடுது. நாளைக்கு சாயங்காலம், கோயிலாண்ட."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். முகத்தைப் பார்த்தால் தாகம் தெரிந்தது.

"ஊர் இன்னா சொல்லுது சித்தப்பா?"

"ஊர் கோவமா கீதும்மா."

"யாரு கோவமா கீறாங்க?"

"ஊர்தான்."

"நீங்க கோவமா கீறீங்களா?"

"நான் இன்னாம்மா. நான் சொல்ல வந்தவன்."

"பக்கத்து வூட்டு அண்ணி?"

"அது பாவம், அதுக்கு இன்னா கோவம்."

"அப்ப யாரு சித்தப்பா?"

"உன்னாண்ட பேச முடியாது. படிச்ச புள்ள." பிறகு குரலை இறக்கி, "நைனாவ கால்ல உழுந்துட சொல்லு. அண்ணனும் உழட்டும். ஊர் மன்னிச்சிடும். மொறைச்சினு நின்னா தள்ளி வெச்சிடுவாங்க. அப்புறம் நானே உன்னாண்ட பேச முடியாது, தெரிதா."

கடைசி வாக்கியம் மிரட்டல் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் பயம்.

தள்ளி வைத்தால்: யாரும் பேசக் கூடாது. கடையில் சாமான் தரக் கூடாது. படகில் ஏற்றக் கூடாது. பாடு இல்லை. சாவு விழுந்தால் தூக்க ஆள் இல்லை. கட்டளையை மீறிப் பேசுகிறவனுக்கும் அதே. அதனால் யாரும் மீற மாட்டார்கள். ஒவ்வொருத்தனும் பக்கத்தில் இருப்பவனுக்குப் பயந்து வாயை மூடுவான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் சித்தப்பா மாதிரிதான், பாவம். சேர்த்தால் ஊர்.

கடையில் காதில் விழுந்தது: "பொண்ண காலேஜுக்கு அனுப்புனா ஸ்டேஷனுக்கு வழி காட்டும்." சிரிப்பு. உள்ளே போகாமல் வந்துவிட்டேன். உப்பு இல்லாமல் சமையல்.

நைனா மத்தியானம் ஷேவ் பண்ணிக்கொண்டார். கல்யாணம், கருமாதி தவிர பண்ண மாட்டார். அப்போதே புரிந்தது. விழப் போகிறார்.

"உழாத நைனா."

"கால்ல உழறது நமக்குப் புதுசா?" கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணன் ஏரிக்குப் போவணும், நீ பஸ்ஸுக்குப் போவணும். எனக்கு முட்டி வலி ஒண்ணுதான்."

கிழவரும் விழுந்தவர்தான். ராஜா பக்கத்து ஆள், ராஜா மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் ராஜாவின் தலையை வெட்டினவர்கள் ஆட்சிக்கு வந்ததும் ஊர் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிகிறேன் என்றார். காப்பாற்றுகிறவனுக்குக் கீழ்ப்படி, அவ்வளவுதான் என் தத்துவம் என்றிருக்கலாம். துரோகி என்றார்கள். அப்புறம் ராஜா மகன் திரும்பி வந்தான். கொள்ளை நோய் வந்தது. லண்டன் தீப்பிடித்து எரிந்தது. இந்த ஆள் கடவுளை நம்பாததால்தான் எல்லாம் என்று சபையில் பேச்சு. உயிரோடு கொளுத்திவிடுவார்களோ என்று பயந்து, எழுதினதை எல்லாம் தானே எரித்தாராம். இவ்வளவு பயந்தவர் தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையில் சத்தமாகப் பாடுவாராம், நுரையீரலுக்கு நல்லது என்று.

நைனாவைக் கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன். அவர் ஒரு பேரம் செய்யப் போகிறார். கொடுப்பது தெரிகிறது. வாங்குவது என்ன என்று யாரும் பேசவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பிசுபிசுவென்று தூறல். கோயில் முன்னால் நீலத் தார்ப்பாய். ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் மதிலோரம் நின்றோம். பேசக் கூடாது, பார்க்கலாம்.

தலைவர் கோபப்படவே இல்லை. அம்மா வழியில் எனக்கு மாமா முறை. "வா மச்சான், குந்து," என்றார் நைனாவிடம். நைனா குந்தவில்லை.

"ஊரைக் கேக்காம ஸ்டேஷனுக்குப் போனது தப்பா இல்லியா?"

"தப்புதான்."

"கேஸ வாபஸ் வாங்கிக்கிறியா?"

"வாங்கிக்கிறேன்."

பின்னால் ஒரு குரல், யாரென்று தெரியவில்லை: "அடிச்சதும் தப்புதானே."

"அத நான் வூட்டுல கண்டிச்சிட்டேன்," என்றார் தலைவர். அதோடு அது முடிந்தது. பி. முதல் வரிசையில், தார்ப்பாயின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

நைனா விழுந்தார். யார் காலில் என்றும் சொல்ல முடியாது. எல்லாக் கால்களுக்கும் முன்னால், ஈரத் தார்ப்பாயில், குப்புற. முட்டியை மடக்க நேரம் பிடித்தது. பிறகு அண்ணன். அதன் தலைக்கட்டு நனைந்து பழுப்பானது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது.

"ஊர் மன்னிச்சிருச்சு. எழுந்திரு மச்சான்."

உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதி. தள்ளி வைக்கவில்லை. கடை உண்டு, பேச்சு உண்டு, பாடு உண்டு. பக்கத்து வீட்டு அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அஞ்சு நாளில் முதல் சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன்.

அப்போது பி. அண்ணனைப் பார்த்தான். முகத்தை இல்லை, தலைக்கட்டை. அளவு எடுப்பது போல.

அம்மா கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு முன்னால் போனேன். தார்ப்பாயை மிதிக்கவில்லை, ஓரத்தில் நின்றேன்.  முதல் தடவை சத்தம் வரவில்லை. ரெண்டாவது தடவைதான் வந்தது.

"மாமா."

எல்லாரும் திரும்பினார்கள். நைனா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நைனா உழுந்துட்டாரு. அண்ணன் உழுந்துடுச்சு. கேஸு வாபஸ். ஊர் கேட்டது எல்லாம் குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில எங்க பாடு. அண்ணன் தனியாத்தான் போவும். அது மேல யாரும் கை வெக்க மாட்டாங்க, வெச்சா ஊர் கேக்கும்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான் வேணும்."

யாரோ இருமினார்கள். கோவிந்தன் சித்தப்பா தரையைப் பார்த்தார். தலைவர் பக்கத்தில் இருந்தவர் செல்போனை எடுத்து நேரம் பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் எடுத்தார். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆட்கள் எழுந்தார்கள். தார்ப்பாயை நாலு முனையிலும் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார்கள்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க," என்றேன்.